அப்பா என்னை எடுத்த படம்

அப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய விரல்களின் புளித்த நெடி நுழைந்துவிடும். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த எங்கள் மூக்குக்குத் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை தெரியவே தெரியாது. ஆனால் படம் கழுவுகிற 'ஹைப்போ' மருந்தின் நெடியைத் தூக்கத்திலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

கடைத்தெருவில் ஒரு மாடியில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ இருந்தது. ரம்ஜான் வந்தாலும் கிறிஸ்துமஸ் வந்தாலும் குடும்பம் குடும்பமாகப் புதுத்துணியோடு அந்தக் குறுகலான படிகளில் ஏறி வருவார்கள். சவுதிக்குப் போன மகனுக்காக நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுப் படமெடுத்துக்கொண்ட குடும்பம்கூட உண்டு. "தாடைய கொஞ்சம் இறக்குங்க பாய், சிரிக்க வேணாம், மூஞ்சி தானா சிரிக்கும்" என்று அப்பா சொன்னதும் எப்பேர்ப்பட்ட கடுகடுப்பான பெரியவரும் இளகிவிடுவார். எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் நாங்கள் மூவரும் சேர்ந்திருக்கிற படம் கிடையாது. அம்மா கேட்கும்போதெல்லாம், "நம்ம படம்தான, எப்ப வேணா எடுத்துக்கலாம்" என்பார்.

வேலூரில் இருந்த ஒரு சேவை நிறுவனத்தோடு அப்பாவுக்குத் தொடர்பு ஏற்பட்டது நான் பள்ளியில் சேர்ந்த சமயத்தில். எங்காவது புயல் அடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அவர்கள் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு லாரியில் கிளம்புவார்கள்; அப்பா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே போவார். அவர் எடுத்து வரும் படங்களைப் பார்த்துத்தான் ஜனங்கள் உதவி செய்கிறார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஷூ கம்பெனியில் 'அப்பர்' என்கிற ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவிடம், அவளோடு வேலை செய்கிற பெண்கள், "ஒங்க வூட்டுக்காரரு ஊரு ஊரா போயி ஒத்தாசை பண்றாரு, நீ குடுத்து வெச்சவ" என்பார்களாம். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் வருகிற பெருமைக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் ஆந்திராவில் கடலோரத்தில் ஒரு பெரிய புயல். அப்பா போய்விட்டுத் திரும்பினார். வழக்கம்போல ஊர்க்கதை எதுவும் சொல்லவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, "வா கண்ணு, உன்னைய ஒரு போட்டோ எடுக்கறேன்" என்றார். கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டுக்கொண்டு நான் ஓடிவந்தேன். அதைக் கழற்றச் சொல்லி, தோள்பட்டை கிழிந்த ஒரு பழைய கவுனைக் கொடுத்தார். மொபெட்டில் என்னை உட்காரவைத்துப் பாலாற்றுக்குக் கூட்டிப்போய், இடிந்து கிடந்த ஒரு சுவரருகே நிறுத்தி, என் தலையைக் கலைத்துவிட்டு, கன்னத்தில் ஈரமண்ணைத் தடவினார். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பா சொன்னார், "சிரிக்காத கண்ணு. அம்மா செத்துப் போய்ட்டான்னு நெனச்சுக்கோ. இனிமே வரவே மாட்டா."

நான் நினைத்துக்கொண்டேன். கம்பெனி விட்டு வரும் பெண்களின் கூட்டத்தில் அம்மா மட்டும் இல்லாமலிருப்பதை அப்படியே கண்ணால் பார்த்துவிட்டேன். அழுகை வந்தது; நிறுத்தத் தெரியவில்லை. அப்பா ஓடிவந்து கண்ணைத் துடைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் "அப்படியே இரு, அப்படியே இரு" என்று படமெடுத்துக்கொண்டே இருந்தார். முடிந்த பிறகு கடைக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக்கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

சில மாதங்கள் கழித்து நானும் அம்மாவும் வேலூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர்களுடைய சர்ச்சுக்குப் போனபோது அந்தச் சேவை நிறுவனத்தின் ஆள் ஒருவர் பேச வந்திருந்தார். பீடத்தின் பக்கத்தில் என் உயரத்துக்கும் பெரிதாக ஒரு படம் வைத்திருந்தார்கள். கிழிந்த கவுன், மண் அப்பிய கன்னம், அழுகிற கண்கள். கீழே, 'தாயும் தகப்பனும் இல்லாத இந்தப் பிள்ளைக்கு நீங்கள் இருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தது. காணிக்கைப் பை வந்தபோது எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"யாருடி எடுத்தது?"

"அப்பா. உங்கிட்ட சொல்லாதன்னாரு."

ஆராதனை முடிந்ததும் அம்மா என்னை அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "சார், இது எம்பொண்ணு. நான் உயிரோடதான் இருக்கேன்" என்றாள். அந்த மனிதர் என் வாரிய தலையையும் பட்டுப்பாவாடையையும் பார்த்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார்: "இல்லம்மா, இது ஆந்திராப் பொண்ணு. எங்க போட்டோகிராபர் நேர்ல போயி எடுத்தாரு. சாடை ஒத்துப்போவுது, அவ்ளோதான்."

அதுவரை அப்பாவை 'நீங்க' என்றே பேசிவந்த அம்மா அன்று வீட்டுக்கு வந்ததும் "இன்னா பண்ணி வெச்சிருக்க நீ?" என்றாள்.

அப்பா மறுக்கவில்லை. அங்கே படகு கவிழ்ந்து கேமரா பையெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிட்டதாகவும், ஒரு படம்கூடத் தேறவில்லை என்றும் சொன்னார். "அந்த மாதிரி புள்ளைங்கள நான் கண்ணால பார்த்தேன். வெறுங்கையோட எப்படிப் போயி நிக்கறது? இவள வெச்சு அதக் காட்டினேன். இந்தப் படத்தால எத்தினி பேருக்குச் சோறு போவுது தெரியுமா?"

"போவட்டும். அதுக்கு என்னைய எதுக்கு சாவடிச்ச? அவள எதுக்கு அழவெச்ச?"

 அப்பா என்னை அருகில் இழுத்து, நாளைக்கே வேலூர் போய் உண்மையைச் சொல்லி அந்தப் படத்தை வாங்கி வந்துவிடுவதாக என் தலையில் கைவைத்துச் சொன்னார். மறுநாள் போனார், சாயங்காலம் திரும்பி வந்து, "சொல்லிட்டேன், எடுத்துட்டாங்க" என்றார். நாங்கள் நம்பினோம். அம்மா மறுபடியும் 'நீங்க' என்று பேசத் தொடங்கினாள்.

புதுவருஷம் பிறந்ததும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த நிறுவனத்தின் காலண்டர் வந்தது. முதல் தாளிலேயே நான் இருந்தேன். வகுப்பில் எல்லோரும் காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்க, "உங்கம்மா அப்பா நெஜ அம்மா அப்பா இல்லையாடி?" என்று பக்கத்தில் இருந்தவள் ரகசியமாகக் கேட்டாள். சாயங்காலம் அதை அம்மாவிடம் சொன்னபோது அம்மா சண்டை போடவில்லை. சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள். அப்பாவை எந்தச் சொல்லாலும் கூப்பிடுவதை மட்டும் அன்றோடு நிறுத்திக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவைப் பெருக்கி, மூன்று நாற்காலி போட்டுவிட்டு எங்களைப் படமெடுக்கக் கூப்பிட்டார் அப்பா. அம்மா வரவில்லை. நானும் போகவில்லை.

இன்று அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். படிக்கட்டை இடித்துவிட்டு இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகிறது; அவள் படமென்று எங்களிடம் இருப்பது கம்பெனி அடையாள அட்டையில் இருந்து பெரிதாக்கிய முகம் ஒன்றுதான்.

போன மாதம் வேலூரில் அப்பாவின் சேவைக்காக ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அவர் எடுத்த படங்களை மண்டபத்துச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள், என்னை எடுத்த அந்தப் படமும் இருந்தது. காலேஜ் பிள்ளைகள் சூழ்ந்து நின்று கேட்க, விரலால் அதைக் காட்டி, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, அந்தப் பிள்ளை எந்தச் சுவரோரம் தனியாக அழுதுகொண்டிருந்தாள் என்றெல்லாம் அப்பா விவரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். 'இது எம்பொண்ணு' என்று சொல்லக்கூடிய ஒருத்தி இப்போது இல்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: "அந்தப் படத்துல இருக்கறது யாருப்பா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆந்திராப் புள்ளம்மா. பாவம், யாருமில்ல அதுக்கு. நீ அப்ப சின்னப் பொண்ணு, உனக்கு ஞாபகம் இருக்காது."