பெரிய தட்டு, முப்பத்துமூன்று

என்னைப் பெண் பார்க்க வந்தவர் போட்டிருந்த பேன்ட்டின் கால் அகலத்தில் எனக்கு ஒரு பாவாடை தைத்திருக்கலாம். சட்டைக் காலர் பாதித் தோள்வரை வந்தது. பாக்கெட்டில் கூலிங் கிளாஸ் வேறு. தென்னூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிஷத்தில் மூன்று வாக்கியம் பேசினார். மூன்றும் அம்மா சுட்ட முறுக்கைப் பற்றி.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது, ஸ்கூலில் கணக்கு டீச்சர். யாரையும் லேசில் பிடிக்காத குணம், இன்றும் அப்படித்தான். அவர் பம்பாய்க்கு ரயிலேறிய அன்றே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவசரப்படாதம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு. அதுக்கப்புறம் சாமியார்கிட்ட ஓலைக்குப் பேர் குடுக்கணும்" என்றார் அப்பா.

ஓலை என்பது எங்கள் வேதக்காரர் வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, கோயில் பூசையில் பங்குச் சாமியார் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். சொல்வது இருக்கட்டும், ஒரு ஓலை வாசித்த பிறகு நின்றுபோன கல்யாணத்தை ஊர் பத்து வருஷத்துக்கு மெல்லும்.

அந்த வாரம் பம்பாயிலிருந்து வந்த ஒருவர் கையில் மாப்பிள்ளை ஒரு இசைத்தட்டும் கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தார். "தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் இதைத்தான் கேட்கிறேன். நேரில் எனக்குப் பேச வரவில்லை. இதைக் கேட்டுவிட்டு உங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் எழுதுங்கள். வீட்டில் எல்லோருடைய அபிப்பிராயத்தையும் எழுதுங்கள்."

அட்டையில் ஆள் படமே இல்லை. கண்ணாடிச் சில்லு ஒட்டிய ஒரு பந்து, அதன்மேல் டிஸ்கோ என்ற வார்த்தை. அம்மா அதைக் கிறிஸ்துமஸ் பாட்டு என்றே முடிவு கட்டினாள். கோயில் பாடற்குழுவில் முப்பது வருஷம் பாடிய அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "லத்தீன் வார்த்தை. டிஸ்கோன்னா, நான் கற்கிறேன்னு அர்த்தம்" என்றார். அவர் சொன்னது சரியான லத்தீன்தான், அதனால் யாரும் மறுக்கவில்லை.

எங்கள் ரெக்கார்ட் பிளேயர் அப்பாவைத் தவிர யாரும் தொடாத பொருள். தட்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றவேண்டும் என்பதற்கு அவர் வகுத்த சட்டம் ஒன்று: சின்னத் தட்டு நாற்பத்தைந்து, பெரிய தட்டு முப்பத்துமூன்று. இது பெரிய தட்டு. ஞாயிறு பூசை முடிந்து இட்லி சாப்பிட்டதும், வேகத் திருகை முப்பத்துமூன்றில் வைத்து முள்ளை இறக்கினார்.

ஒரு ஆண் குரல். அப்படி ஒரு கனத்த குரலை நான் கேட்டதில்லை. பின்னால் முரசு ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தது. வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அந்த மனிதனுக்கு ஏதோ பெரிய துக்கம் என்பது விளங்கியது. மூன்றாவது பாட்டின் நடுவில் வாத்தியமெல்லாம் நின்று, அவர் ஒரு மூச்சை இழுத்துவிடும் இடம் வரும். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடக்கப் பூசைக்குப் பாடலாம். அவ்வளவு பக்தி" என்றார் அப்பா.

"பாவம், வீட்டுச் சாப்பாடு இல்லாம எளைச்சுப்போன குரல்" என்றாள் அம்மா. பாடகரைச் சொன்னாளா மாப்பிள்ளையைச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேன்ட்டைப் பார்த்து ஆளை எடைபோட்டுவிட்டோமே, தினமும் சாயங்காலம் தனி அறையில் உட்கார்ந்து இப்படி ஒரு துக்கத்தைக் கேட்கிறவரை மைனர் என்று நினைத்துவிட்டோமே என்று. அன்று மாலையே அப்பாவிடம் சரி என்றேன். திங்கட்கிழமை இரண்டு தாள் நிறைய எழுதிப் போட்டேன். அப்பா சொன்னது, அம்மா சொன்னது, பிறகு என்னுடையது. அந்த மனிதரின் குரல், அந்த மூச்சு, என் கண்ணீர், எல்லாவற்றையும் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள்.

புதன்கிழமை ஸ்கூல் விட்டதும் என்னோடு வேலை பார்த்த தோழி வீட்டுக்கு வந்தாள். ஸ்ரீரங்கத்துக்காரி, வடக்குச் சித்திரை வீதியில் வீடு. அப்பா வீட்டில் இல்லாததால் நானே தட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"நன்னாத்தான் இருக்குடி. சௌக்க காலம். பெருமாள் புறப்பாடு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வரது" என்றாள். இரண்டாவது பாட்டில் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாவதில் பையை எடுத்துக்கொண்டாள். "இவர் முடிக்கறதுக்குள்ள என் பஸ் போயிடும்டி. சித்த விரசாப் பாடச் சொல்லு" என்று விளையாட்டாகத் திருகை நாற்பத்தைந்துக்குத் தள்ளினாள்.

பாடிக்கொண்டிருந்தவர் சட்டென்று பெண்ணாகிவிட்டார். முரசு துள்ளியது. என் கண்ணைக் கலங்க வைத்த அந்த மூச்சு, கேட்கக் கூசுகிற ஒரு சிணுங்கலாக வந்து விழுந்தது. ஆங்கிலம் அத்தனையும் ஆங்கிலமாகவே கேட்டது.

"ஐயையோ, பல்லக்கைத் தூக்கிண்டு ஓட ஆரம்பிச்சுட்டாளே!" என்று தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸை விட்டுவிட்டாள். நான் தட்டை நிறுத்தி நடு வட்டத்தைப் பார்த்தேன். 45 என்று போட்டிருந்தது. கணக்கு டீச்சர் நான்!

அவள் போனபின் உட்கார்ந்து அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன். நான் சரி சொன்னது அந்தத் துக்கக்காரருக்கு. வரப்போகிறவரோ இந்தத் துள்ளல்காரர், முதலில் நினைத்த அதே மைனர். அதைவிட மோசம், என் கடிதம் இந்நேரம் பம்பாயில் இருக்கும். அறை நண்பர்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் பதிலில் ஒரே ஒரு கேலி இருந்தாலும் இரண்டாவது ஓலையை நிறுத்திவிடச் சொல்வது என்று முடிவு செய்தேன். தட்டைத் தப்பான வேகத்தில் கேட்டது கல்யாணத்துக்குத் தடை என்று சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை கடிதம் வந்தது. கிணற்றடிக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன்.

"உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். என் தட்டு உங்களிடம் இருப்பதால், நண்பர் ஒருவரிடம் இருப்பதை இரவல் வாங்கி, நீங்கள் கேட்டது போலவே கேட்டுப் பார்த்தேன். நீங்கள் எழுதியது உண்மை. அந்த மனிதரின் குரலில் பெரிய துக்கம் இருக்கிறது. அந்த மூச்சு வரும் இடத்தில் எனக்கு என் அப்பா நினைவு வந்தது. அவர் இறந்தபோது நான் ஊருக்கு வரும் ரயிலில் இருந்தேன். இத்தனை நாள் கேட்டும் ஒருமுறைகூட அது நினைவு வந்ததில்லை. மாமாவும் அத்தையும் சொன்னதும் சரி."

அவ்வளவுதான். வேகத்தைப் பற்றியோ, பாடியது பெண் என்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு குடம் தண்ணீர் இறைத்தேன். மறுநாள் இரண்டாவது ஓலை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர் அந்தத் தட்டை எடுத்துத் துடைத்து வைத்தார். கை திருகுக்குப் போயிற்று. என்னை ஒரு பார்வை பார்த்தார். முப்பத்துமூன்றில் வைத்து முள்ளை இறக்கினார்.

துக்கக்காரர் பாட ஆரம்பித்தார். மூன்றாவது பாட்டின் அந்த மூச்சுவரை கேட்டோம். பிறகு நான் எழுந்து போய்த் திருகை நாற்பத்தைந்துக்குத் தள்ளினேன்.

அவர் முகம் போன போக்கை இன்றும் நினைத்துச் சிரிப்பேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது ஓலைக்கு முந்தின புதன்கிழமை."

"தெரிஞ்சுமா ஓலைய நிறுத்தல?"

"நிறுத்தத்தான் இருந்தேன்" என்றேன். "நீங்க 'அந்த மனிதர்'னு எழுதியிருந்தீங்க."