சாத்தநேரியில் ஏறிய கோடு

திருமங்கலத்தைத் தாண்டி டி. கல்லுப்பட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாக, மேலஓடைப்பட்டி விலக்கில் நின்ற, ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியைப் பார்த்ததும் தங்கப்பொண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்று வட்டாரமே காய்ந்து கிடந்த 1986 கோடையிலும் வாய்க்காலில் தண்ணீர் நின்ற ஊர் அது. கிணற்றை எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். அங்கே போய்க் குடிதண்ணீருக்குத் துளை போடுகிறார்கள்! அவள் பிறந்த சாத்தநேரியிலோ தண்ணீர் அறுபது அடிக்குக் கீழே போய்விட்டது. பெண்கள் இரண்டு மைல் நடந்து குடம் சுமக்கிறார்கள்.

எந்தெந்த ஊருக்குப் போர் என்று எந்த மடையன் பட்டியல் போட்டான் என்று திட்ட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். அந்தப் பட்டியல், அவள் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த படங்களைப் பார்த்துப் போட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். எதிர்ப்பக்கம் போய் மதுரை பஸ்ஸைப் பிடித்தாள். ஊருக்கு வருவதாக அம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்ததுகூட மறந்துபோயிற்று.

காலனியில் கூலிக்குப் போகும் குடும்பம் அவளுடையது. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா முனியாயி களையெடுத்தும் கதிரறுத்தும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். மகளுக்குக் கணக்கு அப்படி வந்தது. ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. முடித்து, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குள் போனதை விட அந்த அறைக்குள் போன நாட்கள்தான் அவளுக்கு அதிகம்.

நாற்பத்தோரு ஊர்க் கிணறுகளைப் பத்து வருடமாக அளந்த கணக்கு நீர் அலுவலகத்திலிருந்து அங்கே வந்தது. தரையிலிருந்து எத்தனை அடி கீழே தண்ணீர் என்பதைக் கோடாக வரைந்து தர வேண்டும். வரைகிற புரோகிராம் முன்பே இருந்தது. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு என்று மட்டும் அது சொல்லும். எந்த மிஷினில் வரையப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கட்டளையை மிஷினுக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுக்கக் கடைசியில் ஒரு சின்னப் பகுதி உண்டு. பிரிண்டருக்கான பகுதி, நட்சத்திரக் குறிகளை வரிசை வரிசையாக அடிக்க வைத்துக் கோடு மாதிரி காட்டும். அந்த வருடம் பேனா பிடித்து வரைகிற புது பிளாட்டர் வந்திறங்கியது. அதற்கான பகுதியை எழுதும் பொறுப்பைப் பேராசிரியர் வெள்ளைத்துரை தங்கப்பொண்ணிடம் கொடுத்தார்.

மூன்று வாரம் முட்டி மோதி எழுதினாள். சோதித்துப் பார்க்க ஒரு வட்டமும், எட்டு இதழ்ப் பூக்கோலம் ஒன்றும் வரையச் சொன்னாள். பேனா சர்ரென்று ஓடி, அச்சு அசலாகப் போட்டது. அறையே கைதட்டியது. கிணற்றுப் படங்களில் மட்டும் தலைப்பு தாளின் அடியில் வந்தது. "அதுவும் பாக்க அழகாத்தாம்மா இருக்கு" என்றார் வெள்ளைத்துரை. அத்தோடு விட்டார்கள்.

பாதி வழியில் கல்லூரிக்குத் திரும்பி வந்தவள், இப்போது அதே கணக்கைப் பழைய பிரிண்டரில் ஓட்டி, பிளாட்டர் தாளுக்குப் பக்கத்தில் விரித்தாள். சாத்தநேரிப் படம். பிரிண்டர் தாளில் நட்சத்திரங்கள் வருடத்துக்கு வருடம் கீழே இறங்கின. பிளாட்டர் தாளில் சிவப்புக் கோடு ஜம்மென்று மேலே ஏறியது. பிரிண்டர் மேல் வரியிலிருந்து எண்ணும். பேனா தாளின் அடியிலிருந்து எண்ணும். அதை மாற்றிக் கொடுக்க வேண்டியவள் அவள்தான், மாற்றவில்லை. தரை மட்டம் தாளின் அடிக்குப் போய்விட்டது; தண்ணீர் ஆழத்துக்குப் போகப் போகக் கோடு மேலே ஏறியது. எழுத்துகளைப் பிளாட்டர் தானே நேராக எழுதிக்கொள்ளும் என்பதால் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. வட்டத்தையும் பூக்கோலத்தையும் கவிழ்த்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? ஓரத்து எண்கள் சரியாகவே இருந்தன. ஆனால் அழகான சிவப்புக் கோட்டை விட்டுவிட்டு ஓரத்து எண்ணை எவன் படிக்கிறான்?

திங்கட்கிழமை வெள்ளைத்துரையிடம் சொன்னாள். இருவரும் நீர் அலுவலகத்துக்கு ஓடினார்கள். அதிகாரி மலையாண்டி இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீ எந்த ஊரும்மா?"

"சாத்தநேரி சார்."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தார். "ஒங்க ஊருக்கு போர் வரலைன்னதும் படமே தலைகீழாப் போச்சாக்கும்?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தப்பை ஒப்புக்கொள்ள வந்த இடத்தில் திருடிப் பட்டம்!

"எங்க ஊரு வேணாம் சார். மேலஓடைப்பட்டிக்குப் போவோம். ஒங்க டேப்பையே கிணத்துல விட்டுப் பாருங்க. பத்தடிக்குள்ள தண்ணி இல்லைன்னா நான் பொய்க்காரின்னு எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டுப் போறேன்."

வெள்ளைத்துரை அவளைத் தடுக்கவில்லை. ஜீப் கிளம்பியது.

மேலஓடைப்பட்டிக் கிணற்றில் டேப்பை விட்டார்கள். ஆறரை அடியில் நனைந்தது. மலையாண்டி நம்பாமல் இன்னொரு முறை விடச் சொன்னார். மறுபடியும் ஆறரைதான். ஈர டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"அம்புட்டுப் படமுமா இப்படி?"

"நாப்பத்தோரு ஊரும் சார்."

போர் லாரியை நிறுத்தச் சொன்னார். பிறகு தானாகவே, "சாத்தநேரிக்குப் போப்பா" என்று டிரைவரிடம் சொன்னார்.

சாத்தநேரிக் காலனிக் கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் புது மண் குவிந்து கிடந்தது. முனியாயி கயிற்றைப் பிடித்து மண் கூடையை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. உள்ளே தோண்டுவது தங்கப்பொண்ணின் அண்ணன் சின்னான்.

"வாத்தா தங்கம்! சனிக்கெழமையே வாரேன்னு எழுதியிருந்தியே?"

"என்ன ஆத்தா செய்றீக?"

"மனுக் குடுக்கப் போனமா, இந்தா நிக்கிறாரே இந்த அய்யாதான் படத்தக் காட்டுனாரு. ஒங்க ஊருக்குத் தண்ணி ஏறிக்கிட்டே வருதும்மான்னாரு. ஒங்க காலேசுல போட்ட படம்னாரு. நீ போட்டதாத்தான இருக்கும்! இன்னுங் கொஞ்சந் தோண்டுனா ஊத்து வந்துரும்னு பத்து நாளாத் தோண்டுறோம். எட்டடி எறங்கியாச்சு."

தங்கப்பொண்ணு கிணற்றுக்குள் பார்த்தாள். எழுபது அடி ஆழத்தில், சரிகிற பக்கச் சுவருக்குக் கீழே, அண்ணனின் தலை மட்டும் சின்னதாகத் தெரிந்தது.

"ஆத்தா, அந்தப் படம் தலைகீழா விழுந்துருச்சு. நாந்தான் தப்பா எழுதிட்டேன். தண்ணி ஏறல ஆத்தா. எறங்கிக்கிட்டேதான் இருக்கு."

முனியாயி கூடையைக் கீழே வைத்தாள். காய்ந்த மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"தெனமும் காஞ்ச மண்ணத்தான் அள்ளிக் கொட்டுனேன். எம்மக போட்ட படம் பொய் சொல்லாதுன்னு எங்கண்ணையே நான் நம்பல தங்கம்" என்றாள்.

பிறகு கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டு, "சின்னான், மேல வாய்யா" என்று குரல் கொடுத்தாள். மலையாண்டி மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.