ரோஸ்விதா இறங்காத படிகள்

மோசல் ஆற்றுச் சரிவில் தலைமுறை தலைமுறையாக வெள்ளை ஒயின் செய்யும் வீட்டில் பிறந்தும் ரோஸ்விதாவுக்கு ஒயின் நிலவறை என்றாலே குலை நடுங்கும். சிறுமியாக இருந்தபோதும் நடுங்கியது. அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிய பிறகும் நடுங்குகிறது. அறுவடை முடிந்து சாறு பீப்பாயில் புளித்துப் பொங்கும்போது கெட்ட காற்று தரையோடு தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, மூச்சை அடைத்துக் கொன்றுவிடும். அதனால் மெழுகுவர்த்தியோடுதான் இறங்க வேண்டும். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும், உள்ளே யார் இருந்தாலும்.

அப்பா கிளெமென்ஸுக்குப் பீப்பாய்கள்தான் செல்லப் பிள்ளைகள். குளிர் பட்டால் சாறு பொங்காமல் தூங்கிவிடுமாம். நிலவறையின் தெருப்பக்கத்துக் கம்பி போட்ட காற்றுத்துளையில் சாக்கை அடைத்துவிடுவார். பெற்ற மகளுக்கு அப்படி ஒருநாள் போர்த்திவிட்டதில்லை மனுஷர். கெட்ட காற்று வெளியேறட்டும் என்று அவள் பிடுங்குவாள், அவர் மறுபடி அடைப்பார்.

அன்று மதியம் உருளைக்கிழங்கு சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா! சாப்பிட வாங்க!"

பதில் இல்லை. மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கினாள். கடைசிப் படிகளுக்கு வந்ததும் சுடர் சுருங்கி, அணைந்தே போனது. உள்ளே கும்மிருட்டு. "அப்பா!" என்று கத்தினாள். இன்னும் சில அடி. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடிவிடலாமா? கால் ஒரு படி கீழே போனது. பிறகு திரும்பி மேலே ஓடினாள், தன்னையே சபித்துக்கொண்டு.

தெருவுக்குப் போய் மண்டியிட்டுச் சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். கம்பிகளுக்குப் பின்னால் அப்பாவின் முகம். வெளுத்துப்போய், வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்தது. தன் விளக்கு அணைந்ததும் காற்றுத்துளைக்குப் பக்கத்துப் பீப்பாய்மேல் ஏறியிருக்கிறார். நனைந்து ஊறிய சாக்கை உள்ளிருந்து தள்ளப் பலமில்லை.

"நீ உள்ள எறங்கினியா?" குரல் வந்ததும் அதுதான் முதல் கேள்வி.

"இல்லப்பா." அவளுக்கு அழுகை பீறிட்டது. "மெழுகுவர்த்தி அணைஞ்சிடுச்சு. உங்கள விட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

அவர் கம்பிக்கு வெளியே விரலை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா இதே எடத்துல விழுந்தப்ப சித்தப்பா பின்னாலயே ஓடினார். ரெண்டு பேரும் போயிட்டாங்க. எங்கம்மா மட்டும் படியிலயே நின்னுட்டா. கல்நெஞ்சக்காரின்னு ஊரே காறித் துப்புச்சு. அப்ப நான் அவ வயித்துல இருந்தேன்டி."