லண்டனில் யாரோ விசாரித்தார்களாம்

அந்த மைக்கை முதலில் பார்த்தபோது பூனைக்குட்டி என்றுதான் நினைத்தேன். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் நீள நீளமாக ரோமம். காற்றுச் சத்தம் உள்ளே புகாமல் இருக்க அப்படி ஓர் உறை போடுவார்களாம். நான் வெங்காயம் நறுக்கிக் குவித்திருந்த ஸ்டீல் மேசையின் ஓரத்தில் அதை அவள் வைத்தாள். பக்கத்தில் கிடந்த குண்டானை எடுத்து அதன் மேல் கவிழ்த்துவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணா, அது இன்னும் ஓன் பண்ணேல்ல," என்றாள். ஆன் பண்ணவில்லை என்று தானாக வந்து சொல்கிற ஆளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பிள்ளைகளே, அவளை இதில் லண்டன்காரப் பெண் என்றே எழுதுகிறேன். பெரியவளுக்கு இந்தக் கதை பாதி தெரியும். சின்னவன் அப்போது டேகேருக்குப் போய்க்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. நான் பத்தாவதோடு நின்றவன், எனக்கு வருகிற மாதிரிதான் எழுதுவேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவேன்.

அந்த வருஷங்களில் நம் வீட்டில் எல்லாக் காரியமும் கிரீன் கார்டைச் சுற்றித்தான் நடந்தது. சோபா வாங்கலாமா என்றால் கார்டு வரட்டும். ஊருக்குப் போய் உங்கள் பாட்டனாரைப் பார்த்துவிட்டு வரலாமா என்றால் கார்டு வரட்டும். டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரில் நான் சமைத்துக்கொண்டிருந்த ரெஸ்டாரன்ட் முதலாளி மூலமாக விண்ணப்பம் போட்டு, அது எங்கேயோ ஒரு வரிசையில் நின்றது. பெரியவளை நான்கு வயதில் இங்கே தூக்கிவந்தோம். அவளுக்கு இருபத்தொன்று ஆவதற்குள் கார்டு வராவிட்டால் அவள் மட்டும் வரிசையிலிருந்து கழன்றுவிடுவாள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவர் இன்னொன்றும் சொன்னார். இன்டர்வியூவுக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், எங்கே வேலை பார்த்தாய், எப்போது வந்தாய் என்றெல்லாம் கேட்பார்கள், வெளியே யாரிடமும் அதைப் பற்றி வாயைத் திறக்காதே, நீ அங்கே சொன்னதும் இங்கே சொன்னதும் ஒரு வார்த்தை மாறினால் அவர்களுக்குப் போதும் என்றார். அன்றிலிருந்து நான் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனால்கூட சலாம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறவனாக ஆனேன்.

ஒரு சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, பெரியவளே, நீ சோபாவுக்குப் பதிலாக நாம் போட்டிருந்த மெத்தையில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி சொன்னாய்: "அத்தா, ஒரு லேடி வந்தாங்க. லண்டன்ல யாரோ உங்களப் பத்தி விசாரிச்சாங்களாம். ஷீ வில் கம் டு தி ரெஸ்டாரன்ட்."

லண்டனில் நான் நாலு வருஷம் சமையல் வேலை பார்த்தேன். முறையான விசாவில் போனேன், முறையாகக் கிளம்பி வந்தேன். அங்கே யாருக்கும் நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அப்படியானால் என்னைப் பற்றி எதற்கு விசாரிக்க வேண்டும்? யார் சொல்லி விசாரிக்கிறார்கள்? வந்தவள் எப்படி இருந்தாள் என்று உன்னைத் துருவித் துருவிக் கேட்டேன். நீ "நைஸ்" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு தெரியாத நம்பரிலிருந்து வந்த போனை நான் எடுக்கவில்லை. கதவைத் தட்டினால் திறக்காதே என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"தப்புப் பண்ணாத மனுசன் எதுக்குங்க பயப்படணும்?" என்றாள் உங்கள் அம்மா.

"தப்புப் பண்ணாதவன்தான்டி பயப்படணும். பண்ணவனுக்கு என்ன சொல்லித் தப்பிக்கணும்னு முன்னாடியே தெரியும்," என்றேன்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன்னால், பின்வாசல் வழியாக அவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். அந்த வெயிலில் கறுப்பு ஜாக்கெட் போட்டிருந்தாள். பேசியது யாழ்ப்பாணத் தமிழ், நடுநடுவே லண்டன் இங்கிலீஷ். தான் குரல்களைப் பதிவுசெய்து கதைகளாக்கி இணையத்தில் போடுகிறவள் என்றாள். கிழக்கு லண்டனில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அங்கே கடை வைத்தவர்கள், வேலை பார்த்தவர்கள், அங்கிருந்து வேறு நாடுகளுக்குச் சிதறிப் போனவர்கள் எல்லோருடைய கதையையும் சேர்க்கிறாளாம். அது நான் வேலை பார்த்த தெரு. "உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும் அண்ணா," என்றாள். அவர்களுக்குக் கதைப்பது என்றால் பேசுவது. எங்கள் ஊரில் கதைவிடுகிறான் என்றால் பொய் சொல்கிறான் என்று அர்த்தம்.

"எந்த ரேடியோவும்மா நீ?"

"ரேடியோ ஒண்டும் இல்லை அண்ணா. நான் தனியத்தான் செய்யிறன்."

"தனியான்னா? உனக்கு மேல யாரு?"

"எனக்கு மேல ஒருத்தரும் இல்லை."

"அப்ப யாரு உன்னய டெக்சாஸ் வரைக்கும் அனுப்புனது?"

"ஒருத்தரும் அனுப்பேல்ல. என்ர நிகழ்ச்சியைக் கேக்கிற ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமாக் காசு தருவினம். நியூ ஜெர்சியிலயும் ஒரு ஆளைப் பார்க்க இருந்தது, அதோட இஞ்சயும் வந்தனான்."

மேலே ஆள் இல்லாமல், ஆபீஸ் இல்லாமல், அனுப்பியவர் இல்லாமல் ஒருத்தி மைக்கைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வருவாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஓர் அடையாள அட்டை காட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது. அவள் கேட்டது எல்லாம் வக்கீல் சொன்ன கேள்விகளாகவே இருந்தன. எப்போது லண்டன் வந்தீர்கள்? யார் கூட்டிவந்தார்கள்? எங்கே தங்கினீர்கள்? நான் வெங்காயத்தை மறுபடி நறுக்கத் தொடங்கினேன். ஏற்கெனவே நறுக்கியதையே நறுக்கினேன்.

பிறகுதான் அவள் அந்த பார்பர் பெரியவரைப் பற்றிச் சொன்னாள். அவர்தான் என் பெயரையும் நான் கேட்டிக்கு வந்துவிட்டதையும் சொன்னாராம்.

அவரைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதே இல்லை. ஜமைக்காவிலிருந்து சின்னப் பிள்ளையாக லண்டனுக்கு வந்தவர். எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி அவருடைய முடிவெட்டும் கடை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு வங்காளி புடவைக் கடை, எதிரில் போலந்துக்காரம்மாவின் ரொட்டிக்கடை, முக்கில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வேலை பார்த்த பெட்ரோல் ஸ்டேஷன். அந்தத் தெருவில் யார் இங்கிலீஷ்காரர், யார் வந்தேறி என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளைக்காரப் பையன்கள் சிப்ஸ் பொட்டலத்தோடு எங்கள் கடைக்கு வந்து, அதன்மேல் சால்னா ஊற்றச் சொல்வார்கள். அதற்கு அவர்களே ஒரு பெயர் வைத்து, பின்னால் முதலாளி அதைப் போர்டில் எழுதிவிட்டார். நான் தங்கியிருந்த அறையில் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது. குளிர்காலத்தில் முடி வளராமலே முடிவெட்டப் போவேன், அந்தக் கடை சூடாக இருக்கும் என்பதற்காக. பெரியவருக்கு அது தெரியும். ஒன்றும் கேட்க மாட்டார். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, இல்லாத முடியைச் சீப்பால் தூக்கித் தூக்கி, கத்தரிக்கோலைக் காற்றில் சத்தப்படுத்திக்கொண்டு நேரத்தை ஓட்டுவார். நான் அந்த நாற்காலியிலேயே தூங்கிவிடுவேன். எழுந்து பார்த்தால் மடியில் நாலு முடி கிடக்கும்.

இதெல்லாம் நினைவுக்கு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் கூடியது. யாரையாவது மடக்க வேண்டுமென்றால் அவனுக்குப் பிடித்தவர் பேரைச் சொல்லித்தானே மடக்குவார்கள்? அந்தத் தெருவில் ஒருநாள் நின்று விசாரித்தால் பார்பர் கடை ஒன்று இருந்ததும் நான் அங்கே போனதும் யாருக்கும் தெரிந்துவிடும். அதனால் அவளுக்கு ஒரு சோதனை வைத்தேன். என் தலையில் ஒரு தழும்பு இருக்கிறது, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன். அவள் சிரிக்காமல் அப்படியே போனில் பேசி அவருக்கு அனுப்பினாள். லண்டனில் அவர் தூங்கியிருப்பார், நாளைக்கு வாறன் என்று போய்விட்டாள். வரமாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் வந்தாள். என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். அந்தக் கரகரத்த குரல். இடது காதுக்குப் பின்னால், கமா போட்ட மாதிரி, அங்கே மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டுத்தான் வெட்டுவேன், இப்போது அவனுக்கு எந்தக் கசாப்புக்காரன் வெட்டுகிறான் என்று கேட்டுச் சிரித்தார். கடைசியில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "அது என்னத்தா சொல்றாரு?" என்றேன்.

"உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொல்லுறார் அண்ணா. அண்டைக்கு உங்கட மகளிட்டயும் அதைத்தான் சொன்னனான்."

பெரியவளே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்களை விசாரித்தார் என்றுதான் அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ இங்கிலீஷில் யோசித்து, உங்களைப் 'பத்தி' விசாரித்தார்கள் என்று என்னிடம் சேர்த்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் 'பத்தி' ஒரு வித்தியாசமும் இல்லாத சொல். எனக்கோ, அன்பாகக் கேட்டவர் அந்த ஒரு சொல்லில் போலீஸ்காரராக மாறிவிட்டார்.

அவர் உண்மை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவள்? அன்று மைக்கை ஆன் பண்ண விட்டேன், மனசு மட்டும் இறங்கிவரவில்லை. என் குரல் வெளியே போனால் என் பிள்ளையின் வரிசைக்கு என்ன ஆகும் என்று நேராகவே சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, முடிந்ததும் கருவிக்குள்ளிருந்து நகத்தளவு மெமரி கார்டை உருவி என் கையில் வைத்தாள். "என்னட்ட வேற கொப்பி இல்லை. உங்கட கார்ட் வந்த பிறகு இந்தக் கார்டை அனுப்புங்கோ. அனுப்பாட்டிலும் பரவாயில்லை." அதையும் நான் நம்பவில்லை. இன்னொரு பிரதி இல்லாமலா இருக்கும்? பாஸ்போர்ட்டுகளோடு அதைப் பூட்டி வைத்தேன். அவளுடைய நிகழ்ச்சி ஒவ்வொன்றாக வெளிவர வர, பெரியவளே, என்னவென்று சொல்லாமல் உன்னைக் கேட்கச் சொல்வேன். பார்பர் பெரியவர் வந்தார், ரொட்டிக்காரம்மா வந்தார், புடவைக் கடைக்காரர் மகன் வந்தான். பரோட்டாக்காரன் நான் மட்டும் வரவில்லை. சரி, சமயம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் நமக்குக் கார்டு வந்தது, பெரியவளின் பெயரும் சேர்ந்தே வந்தது. அன்று நீங்கள் பிரியாணி கேட்டீர்கள், நான் பூட்டி வைத்திருந்த அந்த மெமரி கார்டைத் தேடி எடுத்தேன். அனுப்புவதற்கு முன்னால் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று கேட்டுவிட வேண்டாமா? பெரியவள் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள்.

அதில் என் கதையே இல்லை. முழுக்க நான்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். உங்க அப்பா எங்க வேலை பாத்தாரு? எப்ப லண்டன் வந்தாரு? யாரு கூட்டிட்டு வந்தா? ஒரு ஆபீசர் கேட்பதைப் போலக் கேட்டிருக்கிறேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள். ஓரிடத்தில் இப்படி: "அப்பா லண்டனுக்கு வந்த புதுசில இமிக்ரேஷன் ஆக்கள் ஒரு அறைக்குள்ள வச்சு விசாரிச்சவை. தனக்கு நடந்ததை எல்லாம் சொன்னவராம். அவை நம்பேல்ல. அதுக்குப் பிறகு அவர் வீட்டிலயும் ஒண்டும் சொல்லுறேல்ல. எங்களோட கதைக்கிறதே குறைவு. எனக்கு மற்ற ஆக்கள் கதைக்கிறதைக் கேக்க விருப்பம், எங்கட வீட்டில அது இருக்கேல்ல." பின்னாலேயே வெங்காயம் நறுக்குகிற கத்திச் சத்தம். பிறகு என் குரல்: "சரி, நீ எந்த ஹோட்டல்ல தங்கியிருக்க?"

அன்று அது என் காதில் விழவே இல்லை. பொறி எங்கே வைக்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சந்தேகப்பட்டது தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பிள்ளையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவன் அப்படித்தான் இருப்பான். ஆனால் சந்தேகத்தோடு இருக்கும்போது எதிரில் ஆள் பேசுவது கேட்காது, அவர் பேசுவதற்குப் பின்னால் இருப்பதாக நாம் நினைப்பதுதான் கேட்கும். நீங்கள் இதை என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதிவை அனுப்பச் சொன்னேன், பெரியவள் அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து லண்டன்காரப் பெண் பேசி அனுப்பியிருந்தாள். குரலில் அந்தத் துடுக்கு இல்லை. "அண்ணா, நான் இதெல்லாம் சொன்னதையே மறந்து போனன். வேற ஆர் எண்டாலும் போட்டிருப்பன். அப்பா இன்னும் இருக்கிறார். அவர் கேட்டால் என்ன நினைப்பாரோ தெரியேல்ல. இதை இப்ப போட எனக்குப் பயமா இருக்கு."

எத்தனையோ பேருடைய வாயைத் திறக்க வைத்தவளுக்குத் தன் குரல் வெளியே போவது பயமாக இருந்தது. எனக்கு அது நன்றாகப் புரிந்தது, அவளைவிட நன்றாகவே புரிந்திருக்கும். என் பயத்துக்காவது ஒரு கார்டு வந்தது. அவளுடைய அப்பாவுக்குப் பாஸ்போர்ட் எப்போதோ கிடைத்திருக்கும், அதற்குப் பிறகும் அவர் பேசவில்லையே. நானும் பேசியே பதில் அனுப்பினேன், பெரியவள்தான் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்னா போட வேண்டாம்த்தா. ஊருக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அவருகிட்ட மட்டும் ஒரு தடவ போட்டுக் காமி. நீ பக்கத்துல இருக்கணும்னு இல்ல, போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிரு."

இன்னும் பதில் வரவில்லை. அவளுடைய அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.