வெட்ட வேண்டாம் என்ற மௌனம்

ஒரு வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டவர், அந்தக் கற்றலால் இன்னொருத்தியின் பிழைப்பு போனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமா? ஒரு கணக்கு டீச்சரின் கடைசிப் பணியாண்டுகள் இந்தக் கேள்வியிலேயே கழிந்தன. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்லவும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கைவிரல்களில் எப்போதும் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சாக்பீஸ். ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக்கு அவர் கணக்கு எடுத்தார்; பி பிரிவுக்கு அவருடைய நாத்தனார். இருவரும் ஒரே வீடு, ஒரே பேருந்து. கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பிவந்த நாத்தனாருக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு பிடிமானம் இல்லை.

வகுப்பறைகளில் தொடுதிரைப் பலகைகள் வந்தபோது டீச்சர் திணறிப்போனார். இடது உள்ளங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு வலது கையால் எழுதுவது அவருக்கு இளமையிலிருந்தே பழக்கம். புதுப் பலகையோ உள்ளங்கை பட்டால் அதை அழிப்பான் என்று எடுத்துக்கொள்ளும். அவர் எழுத எழுத, எழுதியது பின்னாலேயே மறைந்தது.

"மிஸ், நீங்களே எழுதி நீங்களே அழிக்கிறீங்க!" என்றது கடைசி பெஞ்சு.

"குடும்பம் நடத்துறவங்க எல்லாருக்கும் அதான்டா வேலை. உட்காரு" என்றார். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் அறைக்கு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெகுநேரம் வாஷ்பேசின் முன்னாலேயே நின்றார்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாத்தனார்தான். வீட்டில் பீரோக் கதவைப் பலகையாக வைத்துப் பயிற்சி நடந்தது.

"அண்ணி, இடது கை பின்னால போகட்டும். இல்லைன்னா கட்டிப் போட்டுடுவேன்."

"கட்டிப் போடு. அப்புறம் ராத்திரி பாத்திரமெல்லாம் உனக்குத்தான்."

"ஐயோ சாமி, கட்டல. இந்தாங்க, இந்த டஸ்டரப் பிடிச்சுக்கோங்க. கை தானா அடங்கும்."

அப்படியே அடங்கியது. அதன் பிறகு முதுகுக்குப் பின்னால் டஸ்டரைப் பிடித்தபடிதான் அவர் பாடம் எடுத்தார். திரையில் முக்கோணத்தைச் சுழற்றவும், வட்டத்தை வெட்டி விரித்துக் காட்டவும் பழகினார். அதோடு நிற்கவில்லை. படம் வேகமாக ஓடினால் பிள்ளைகளின் கண் மட்டும் வேலை செய்கிறது, மண்டை சும்மா இருக்கிறது என்பதைக் கவனித்தார். கடைசிக் கோடு விழுவதற்குமுன் படத்தை நிறுத்துவார். "அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் காத்திருப்பார். யாராவது ஒருவர் தட்டுத்தடுமாறி ஒரு பதிலைச் சொல்லும்வரை அடுத்த கோடு வராது. மற்ற ஆசிரியர்கள் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கே அழுத்தாமல் இருப்பது என்று கற்றது அவர் மட்டும்தான்.

பள்ளி நிர்வாகம் அவருடைய பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியது. படம்பிடிக்க வந்தவர் கேட்டார்: "மிஸ், இங்க சும்மா நிக்கிறீங்களே, வெட்டிடவா?"

"வெட்டாதீங்க. அங்கதான் பாடமே நடக்குது."

அடுத்த மழைக்காலத்தில் நாத்தனார் காய்ச்சலில் விழுந்தாள். பி பிரிவில் அலுவலக கிளார்க் ஒருவரை உட்காரவைத்து அந்தப் பதிவுகளைப் போட்டார்கள். திரையில் டீச்சர் "அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டு நின்றார். பிள்ளைகள் திரையைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். அவர் தங்களுக்காகக் காத்திருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றியது. தேர்வில் மதிப்பெண் குறையவில்லை. தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குத் திரும்பிய நாத்தனாரின் காதுக்கு விஷயம் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, வருஷம் முழுக்கப் பதிவு பண்ணிட்டா பி பிரிவுக்கு ஆள் வேண்டாம்னு பேசிக்கிறாங்க. முடியாதுன்னு சொல்லிடுங்களேன்."

"நான் முடியாதுன்னா வேற யாரையாவது நிக்கவெச்சு எடுப்பாங்க."

"எடுக்கட்டும். யாரு எடுத்தாலும் உங்கள மாதிரி வராது. பிள்ளைங்களும் திரும்பிப் பார்க்காது. என் வேலை தப்பிச்சிடும்."

பேருந்து வந்தது. டீச்சர் கையை விடுவித்துக்கொண்டு ஏறினார். நாத்தனார் சொன்னது சரி என்பதும், அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுத் தன் மனம் கொஞ்சம் குளிர்ந்துபோனதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதிவு தொடர்ந்தது. ஒரு பாடத்தில்கூட அவர் குறை வைக்கவில்லை. வேண்டுமென்றே மோசமாகச் செய்ய அவருக்கு வரவில்லை. அதை நேர்மை என்பதா, அகம்பாவம் என்பதா? இரண்டுக்கும் நடுவே அவரால் கோடு போட முடிந்திருக்காது.

ஆண்டு முடிவில் நாத்தனாரை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் ஆறியிருக்கும். சாப்பாட்டு மேசையில் நாத்தனார் தட்டை நகர்த்தி, "டீச்சர், தண்ணி வேணுமா?" என்றாள். அன்று முதல் அண்ணி என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. "என்னடி இது, சொந்த வீட்டுல?" என்று கணவர் தன் தங்கையை அதட்டிப் பார்த்தார். அவள் சிரித்தாளே தவிர மாறவில்லை.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தலைமையாசிரியர் டீச்சரை அழைத்தார்.

"நம்ம கிளைப் பள்ளிகள் எல்லாத்துக்கும் இனிமே நீங்கதான் பயிற்சியாளர். தனி அறை, நல்ல சம்பளம். என்ன சொல்றீங்க?"

"பி பிரிவுல பதிவு ஓடும்போது உட்கார்ந்திருக்க ஆள் தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த வேலையக் கொடுங்க சார்."

"அது கிளார்க் பார்க்கிற வேலைங்க. பாடம் எடுக்கிற வேலையே கிடையாது. சம்பளமும் பாதிதான்."

"தெரியும் சார்."

விளையாட்டு என்று நினைத்துத் தலைமையாசிரியர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"உனக்கென்ன, பைத்தியமா?" என்று வீட்டில் கணவர் கத்தினார். டீச்சர் மறுநாளுக்கான துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஓய்வு பெறும்வரை, நாத்தனார் நின்று பாடம் எடுத்த அந்த அறையில், கிளார்க்கின் நாற்காலியில்தான் டீச்சர் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய உருவம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும். பிள்ளைகள் அதனிடம் பதில் சொல்வார்கள். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். பயிற்சியாளர் வேலைக்கு இன்னொரு முறை கூப்பிட்டபோதும் போகவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.