தறி ஓடிய பகலில் பதிந்த பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் மதுரையிலிருந்து ஒரு இங்கிலீஷ் ராக் பாடகனின் இசைத்தட்டை இரவல் வாங்கி வந்தான். அந்தப் பாடகனின் மவுசு அப்போதே போய்விட்டது. ஊரே டிஸ்கோவுக்கு மாறியிருந்தது. அதனால்தான் எங்களுக்கு ஓசியில் கிடைத்தது. மறுநாளே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் பகலிலேயே அதைக் கேசட்டில் பதிந்துகொள்ளக் கேசட் கடைக்கு ஓடினோம்.

"தறி நிக்கிற நாளாப் பாத்து வாங்க தம்பி," என்றார் கடைக்காரர். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற நேரம் கரண்ட் இறங்கி, விளக்கெல்லாம் அழுது வடியும். அண்ணன் கேட்கவில்லை. பதிவு செய்கிற டேப்பை அவர் பேட்டரியில் போட்டார். இறங்கிய கரண்டில் ஓடிய இசைத்தட்டு மட்டும் சோம்பலாகச் சுற்றியது.

அந்த வேகம்தான் பாட்டின் வேகம் என்று நம்பினோம். மனுஷன் துக்கம் தாளாமல் ஒவ்வொரு சொல்லாக இழுக்கிறான் என்று உருகினோம். "எந்த வீட்டு எழவுல இது?" என்பாள் அம்மா. கல்லூரியில் அந்த ஆல்பத்துக்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். "அவனா? அவன் குதிக்கிறவன்லா!" என்று சிரித்தார்கள். ஞானசூன்யங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அண்ணன் தறி வேலைக்குப் பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குப் போனான். கேசட்டும் அவனோடு போய், அங்கே நாடா சிக்கி அறுந்தது.

போன வருஷம் மகள் அந்த ஆல்பத்தை செல்போனில் தேடிக் கொடுத்தாள். கேட்டுப் பதறிப்போனேன். யாரோ ஒரு இளவட்டம் துள்ளுகிறான்! நியாயமாகச் சொன்னால், மோசமில்லை. கிடார் அருமை. அவனை அநியாயமாகத்தான் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் எனக்கு அவன் வேண்டாம். அண்ணனும் நானும் சேர்ந்து கேட்டவன்தான் வேண்டும். மகள் ஏதோ செய்து வேகத்தைக் குறைத்தாள். என் பாடகன் வந்துவிட்டான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தபோது, கடைவீதியில் ஓரமாக நின்று அந்த மெதுவான பாட்டைப் போட்டு செல்போனை அவன் காதில் வைத்தேன். தறிச் சத்தத்திலேயே ஆயுசைக் கழித்தவன். காது மந்தம் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. ஒரு பாட்டு முடியும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெறும் இரைச்சலாத்தான் இருக்கு. நீ பாடுல," என்றான்.

அவன் காதோடு வாயை வைத்து, போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, தப்புத் தப்பான இங்கிலீஷில் கத்திப் பாடினேன்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னும் மெதுவாப் பாடுல," என்றான். "இன்னும் மெதுவா."