தனிக் கொம்பு

சான் லொரென்சோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு காத்திருப்பு வீடு இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களும், பொருத்திக்கொண்டு தேறுகிறவர்களும், தங்களுடையதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்தபடி நடக்கிற உடன்பிறப்புகளும் அங்கேதான் தங்குவார்கள். சமையல்காரி நிமியா ஒவெலாரிடம் திட்டு வாங்காமல் அந்த வீட்டைவிட்டுப் போனவர் யாருமில்லை. கை கழுவாமல் அடுப்படி வாசலை மிதித்தால் போச்சு. வாய்தான் அப்படி. யாருக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, கேட்காமலே கஞ்சியோடு வந்து நிற்பாள்.

கூடத்துச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு மாட்டுக்கொம்புக் குவளை, ஓர் உறிஞ்சுகுழல், பெயர் எழுதிய துணித்துண்டு. தேயிலை மாதிரி ஓர் இலையை ஊறவைத்து உறிஞ்சுகிற பானம் தெரேரே. அதைக் குடிப்பதென்றால் அவரவர் கொம்பில்தான். அது நிமியாவின் சட்டம். வெளியே ஊரே வட்டமாக உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய ஒரே கொம்பைக் கைமாற்றி, ஒரே குழலில் உறிஞ்சுகிறது. போதும் என்றால் நன்றி சொல்ல வேண்டும். சொல்லாதவரைக்கும் உங்கள் முறை வந்துகொண்டே இருக்கும். நீட்டியதை வாங்காமல் விட்டால், உன் வாய் எனக்கு அருவருப்பு என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

நிமியாவுக்கு மட்டும் ஆணி கிடையாது. அவள் தெரேரே குடிப்பதே இல்லை. கேட்டால், "பல்லு கூசும்" என்பாள். பொய். அந்தப் பல் ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்னும்.

வீடு ஓடுவது ஓர் அறக்கட்டளையின் மானியத்தில். வாடகை, மருந்து, ஊர் திரும்ப பஸ் செலவு எல்லாம் அதில்தான். அந்த ஜனவரியோடு கெடு முடிகிறது. நீட்டிக்கலாமா என்று பார்த்துவிட்டுப் போக ரோலோன் என்கிற அதிகாரி வருவதாக இருந்தது. வீட்டை நடத்துகிற சுனில்தா அம்மாள் காலையிலிருந்தே நிமியாவின் பின்னாலேயே அலைந்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் வாய்க்குப் பூட்டு போடு நிமியா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் என்ன கடிக்கவா போறேன்?"

ரோலோன் நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அதிகாரி என்ற மிடுக்கெல்லாம் இல்லை. மாமரத்தடியில் வீட்டில் தங்கியிருந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து, தன் சொந்தக் கொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். முதல் சுற்றைத் தானே குடித்துவிட்டு, மறுபடி நிரப்பிப் பக்கத்திலிருந்த தெர்லிஸிடம் நீட்டினார். சான் பெத்ரோ பக்கத்துப் பையன்; போன மாதம்தான் அக்காவின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டவன். தெர்லிஸ் சுனில்தாவைப் பார்த்தான். சுனில்தா தரையைப் பார்த்தாள். பையன் மெதுவாகக் கையை நீட்டினான்.

கொம்பு அவன் கைக்குப் போகவில்லை. அடுப்படியிலிருந்து வந்த நிமியா அதைப் பிடுங்கி மாமரத்து வேரில் கவிழ்த்தாள்.

சுனில்தாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். கோவிச்சுக்கிட்டாலும் சரி. இவன் ஒடம்பு அக்கா கிட்னியைத் தள்ளிடக் கூடாதுன்னு மருந்து குடுத்து எதிர்ப்பு சக்தியை அடக்கி வச்சிருக்காங்க. உங்க எச்சில் உங்களை ஒண்ணும் பண்ணாது. இவனைக் கொண்டுபோயிடும்."

ரோலோன் தெர்லிஸைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியும் சார். நீங்க கோவிச்சுக்கிட்டா இந்த வீடு போயிடுமேன்னுதான்..."

நிமியா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் புருஷன் கிரெசென்சியோவுக்கும் தெரியும் சார். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப தெருவே திரண்டு வந்துச்சு. அவங்கதான் கோழி சுட்டு வித்து அவர் வைத்தியத்துக்குக் குடுத்தவங்க. அவங்க கொம்பை எப்படி வேண்டாம்னு சொல்லுவாரு? நானும் சொல்லல. ஊத்திக் குடுத்தது நான்தான். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லாம, சுத்துக்குச் சுத்து வாங்கி வாங்கிக் குடிச்சாரு, அவ்வளவு சந்தோஷம். அவரைக் கொண்டுபோன காய்ச்சல் யார் வாயிலேர்ந்து வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தக் கைதான்."

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தது அது. ரோலோன் கொம்பைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

"மானியத்தை மாமரத்துக்கு ஊத்திட்டியேடி பாவி" என்றாள் சுனில்தா.

அதற்குப் பிறகு நிமியா யாரையும் திட்டவில்லை. கழுவாத கையோடு ஒருவன் சட்டியையே தொட்டான். பேசாமல் சட்டியை எடுத்துக் கழுவினாள். பிள்ளைகள் பயந்துபோனார்கள். வீடு மூடத்தான் போகிறது என்று மூட்டை கட்டக்கூட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. மானியம் நீட்டிப்பு. கூடவே புதிதாக ஒரு செலவும் சேர்த்திருந்தார்கள்: ஊர் திரும்புகிற ஒவ்வொருவரோடும் இந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் போய், அவர்கள் குடும்பத்தை உட்கார வைத்துப் பேச வேண்டும். யார் என்று கேட்டதற்கு, அந்தக் கொம்பைக் கவிழ்த்த அம்மாதான் என்றாராம் ரோலோன்.

"நான் சமையல்காரி. பிரசங்கம் பண்றதுக்குப் பாதிரியாரைக் கூப்பிடுங்க" என்று நிமியா கத்தினாள். திட்டு திரும்பி வந்ததில் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது.

முதலில் தெர்லிஸின் ஊர். பஸ்ஸைவிட்டு இறங்கினால், வீட்டு முன்னால் சொந்தபந்தம் மொத்தமும் வட்டமாக உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு கொம்பு. பையனின் அப்பா அதை நிரப்பிக்கொண்டு எழுந்தார். அத்தனையும் கிரெசென்சியோ வீடு திரும்பிய அன்று நிமியாவின் வாசலில் இருந்தபடியே இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. என் புருஷனுக்கு நானே ஊத்திக் குடுத்த கதையைச் சொல்லிடுறேன். அப்புறம் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க."

சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவள் முடித்ததும் தெர்லிஸின் அம்மா எழுந்து உள்ளே போனாள். வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் மடியில் போட்டுக்கொண்டு வந்தாள்: தகர டம்ளர், பிடி உடைந்த கப், சர்க்கரைக் கிண்ணம். ஆளுக்கொன்று கொடுத்தாள். குழல் இல்லாதவர்கள் இலையும் தண்ணீருமாகவே குடித்துத் துப்பினார்கள். சிரிப்பு தாங்கவில்லை.

அவர்களின் கொம்பைக் கழுவி நிமியாவிடம் நீட்டினார் அப்பா. "இது உங்களுக்கு. இனிமே இது உங்க கொம்பு."

பல் கூசும் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. வாங்கிக் குடித்தாள். சுற்று வந்தபோது மறுபடி நிரப்பினார்கள், குடித்தாள். பொழுது சாயும்வரை வாங்கி வாங்கிக் குடித்தாள், நன்றி என்று சொல்லவே இல்லை.